கங்காணி போட்ட விட்டை

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு மிருகக் காப்பகம் இருந்தது. மிருகங்கள் இருந்தன என்று சொல்வதுதான் சரி. பியாட்ரிஸ் துரைசானி என்ற வெள்ளைக்காரி ஒருத்தி, சுரங்கத்துக்கு வண்டி இழுத்துக் கிழடாகிப்போன மாடுகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, கல் அரைக்கிற மில்லுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு உள்ளேயே அவற்றுக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தாள். அதே சுரங்கத்தில் கிழடாகிப்போன மனிதர்களைப் பார்த்து அவள் ஏன் அழவில்லை என்று கேட்கக்கூடாது. ஒரு மனுஷிக்கு இருக்கிற கண்ணீர் அவ்வளவுதான்.

துரைசானி கப்பலேறினாள். சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்தது. கொட்டகையின் தகரங்களில் பாதி காற்றில் பறந்து போயின. மீதிப் பாதி காற்றில்லாத நாளிலேயே பறந்து, அதிகாரிகளின் கோழிக்கூண்டுகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே நான்கு கிழட்டு எருதுகள், பல்லில்லாத சில நாய்கள், முன்கால் நொண்டுகிற ஒரு கழுதை. வேலை எதுவும் செய்யாமல் நாளெல்லாம் கத்துவதால் கழுதைக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆனந்தன் இருந்தான். இருபது வருஷத்துக்கு மேல் பூமிக்கடியில் பாறையில் துளை போட்டவன். இப்போது நாலு அடி நடந்தால் இரண்டு அடிக்கு இருமல். ஆஸ்பத்திரி டாக்டர் அவன் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பீடியைக் குறை" என்றார்.

"நான் பீடி குடிக்கிறதே இல்லீங்க."

"அப்ப பக்கத்துல குடிக்கிறவனைக் குறைக்கச் சொல்லு."

பாறைத் தூள் நெஞ்சில் படிந்த நோய் என்று எழுதினால் சுரங்கம் நஷ்ட ஈடு தரவேண்டும். ஆகவே சாம்பியன் ரீப்ஸில் அந்த நோய் யாருக்கும் வருவதில்லை. ஆனந்தனை 'லைட் டூட்டி' என்று காப்பகத்தில் தள்ளினார்கள். மழைக்காலம் முடிந்ததும் மெடிக்கல் போர்டு. அதில் 'அன்பிட்' என்றுவிட்டால் வேலை போகும். வேலை போனால் சுரங்கம் கொடுத்த லைன் வீடு போகும். அவனும் மனைவி ரத்தினம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இந்தப் பயம் அவனுக்கு இருமலைவிடப் பெரிய வியாதியாக இருந்தது.

ஆனாலும் அவன் முதலில் கேட்டது தனக்கு இல்லை, கங்காணிக்கு. மழை வருகிறது, நாலு தகரம் வேண்டும் என்று சூப்பரிண்டெண்ட் நரசிங்கராவ் முன்னால் போய் நின்றான்.

நரசிங்கராவ் நல்ல மனிதர் என்று அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். "ஏனப்பா, இது என்ன சுரங்கம்?" என்று கேட்டார்.

"தங்கச் சுரங்கம் சார்."

"உன் கழுதை தங்கம் தோண்டுதா?"

"இல்லீங்க."

"தங்கம் வர்ற இடத்துக்குத்தான் தகரம். ரூல் அப்படி. எனக்கு மனசு இருக்கு, ரூலுக்கு இல்லை. என்ன பண்ண?"

அந்த வாரம் தேசமெங்கும் ஜீவகாருண்ய வாரம் கொண்டாட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நரசிங்கராவின் மனைவி பார்வதம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, போட்டோக்காரனோடு காப்பகத்துக்கு வந்தார். கங்காணிக்கு வெல்லம் பிசைந்த பழத்தை ஊட்டுவது போல் ஒரு படம். கங்காணி அதற்கு முன் பழத்தைப் பார்த்ததில்லை. ஊட்டுவது 'போல்' என்ற நுணுக்கமும் அதற்குத் தெரியாது. தட்டோடு பாய்ந்தது. பார்வதம்மா பின்னால் சாய்ந்தார். எழுந்து பார்த்தால் வலது காதுத் தோட்டின் திருகாணியைக் காணோம். தோடு கையோடு வந்துவிட்டது. பின்னால் திருகுகிற அந்த மிளகளவு தங்கம்தான் போயிற்று.

ஆனந்தன் மண்டியிட்டுத் தேடினான், போட்டோக்காரன் தேடினான், கிடைக்கவில்லை. கங்காணி தட்டை நக்கி முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போல் பார்த்தது. ஆனந்தனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சூப்பரிண்டெண்ட் வீட்டம்மாவிடம் "உங்க நகை இது வயித்துல இருக்குங்க" என்று எந்த வாயால் சொல்வது? ராத்திரி ரத்தினம்மாவிடம் மட்டும் சொன்னான். அவள் அடுப்பு அணைகிற அளவுக்குச் சிரித்தாள்.

"நாளைக்கு நல்லா கிண்டிப் பாருய்யா. கெடச்சா குடுத்துட்டு நாலு தகரம் கேளு."

மறுநாள் அவன் கிண்டிப் பார்க்கவும் நேரம் கிடைக்கவில்லை. அவனுக்கு முன்னால் வால்டர் வந்துவிட்டான்.

வால்டர் காவல் இலாகாவின் புது அதிகாரி. ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரன், முழங்கால்வரை காலுறை, கையில் பிரம்பு. வேலியைத் தாண்டி வெளியே போகிற ஒவ்வொருவனையும் சோதிப்பது அங்கே பழைய வழக்கம். ஷிப்டு முடிந்து வருகிறவன் வாயைத் திறந்து காட்டவேண்டும், முடியை உதறிக் காட்டவேண்டும், சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். ஆனால் ஆனந்தன் நாள்தோறும் வரட்டி தட்டுவதற்காக வெளியே எடுத்துப் போகிற சாணிக்கூடையை மட்டும் எந்தக் காவலனும் தொட்டதில்லை. தொடாததற்குக் காரணம் யாருக்கும் விளங்கும். வால்டருக்கு விளங்கவில்லை.

"இன்னா மேன் இது?"

"சாணி சார். கழுதை விட்டையும் கொஞ்சம் கலந்துகீது."

"உள்ளே இன்னா இருக்கு?"

"சாணிக்கு உள்ளயும் சாணிதான் சார்."

"அதை நீ சொல்லக்கூடாது. அஸ்ஸே ஆபீஸ் சொல்லணும்" என்று வால்டர் பிரம்பால் ஒரு உருண்டையைத் தள்ளி டப்பாவில் அடைத்து, கல்லில் தங்கம் எவ்வளவு என்று உருக்கிப் பார்க்கிற அஸ்ஸே ஆபீசுக்கு அனுப்பினான். விதி என்று ஒன்று இருக்கிறதே! இருந்த அத்தனை உருண்டைகளில் அவன் பிரம்பு தொட்டது அந்த ஒன்றைத்தான்.

அஸ்ஸே ஆபீசில் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. காயவைத்தார்கள், இடித்தார்கள், மூசையில் போட்டு உருக்கினார்கள். சாயங்காலம் சூப்பரிண்டெண்டுக்குப் போன் வந்தது. பூமிக்குள் இரண்டு மைல் இறங்கி, உயிரைக் கொடுத்து வெட்டி எடுக்கிற கல்லில் இருப்பதைவிடக் காப்பகத்துச் சரக்கில் தங்கம் பல நூறு மடங்கு அதிகம்.

அந்த வருஷம் சுரங்கம் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷமும் அப்படித்தான். நரசிங்கராவ் அன்று இரவே மேலிடத்துக்குத் தந்தி அடித்தார்: புதிய தங்கப் படிவு கண்டுபிடிப்பு.

ஆனந்தன் மறுநாள் ஓடிப்போய், "சார், அது வந்து... நம்ம அம்மாவோட..." என்று ஆரம்பித்தான்.

"எந்த அம்மா?"

"உங்க வூட்டு அம்மா சார். அவங்க கங்காணிக்குப் பழம் ஊட்டசொல்லோ..."

"கழுதை விட்டையைப் பத்திப் பேசறப்ப என் மனைவி பேரை எடுக்கிறியா? சும்னிரு!" என்று நரசிங்கராவ் எழுந்து நின்றுவிட்டார். ஆனந்தன் சும்மா இருந்தான். அதற்குப்பிறகு அதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே வரவில்லை.

காப்பகத்தின் புனர்நிர்மாணம் தொடங்கியது. பல வருஷமாக நாலு தகரத்துக்கு வழியில்லாத இடத்தில் சிமெண்டு லாரிகள் வந்து நின்றன. முதலில் ஒரு பெயர்ப்பலகை. அடுத்து, பலகையைக் காக்க ஒரு காவலன். அப்புறம் காப்பக அதிகாரிக்கு விசிறி வைத்த அறை. ஷிப்டுக்குச் சங்கு. வேலிக்குள் இருக்கிறவர்கள் எல்லாரும் பித்தளைப் பில்லை வைத்திருக்கவேண்டும் என்பது விதி என்பதால் எருதுகளுக்கும் நாய்களுக்கும் கங்காணிக்கும் கழுத்தில் நம்பர் போட்ட பில்லை. கடைசியாக, கொட்டகைக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் கூரை போட்ட ஒரு பெரிய கிடங்கு, இரும்புக் கதவும் பூட்டும் போட்டுக் கட்டினார்கள்.

ஆனந்தன் கண் கலங்கிவிட்டான். "எருதுங்க அந்தப் பக்கம் படுத்துக்கும் சார், கங்காணி இந்தப் பக்கம். நாய்ங்க சொல்பேச்சு கேக்கும்."

"யோவ், இது மிருகங்களுக்கு இல்லை, சாணத்துக்கு" என்றார் காப்பக அதிகாரி. "மழையில கரைஞ்சு போனா யார் பொறுப்பு?"

திறப்பு விழாவில் நரசிங்கராவ் பேசினார். "இந்த வாயில்லா ஜீவன்களை நான் இத்தனை வருஷம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். இவை தங்கம் போடும் என்று அப்போது யாராவது எனக்குச் சொன்னார்களா? இன்று தெரிந்தது, இன்று நேசிக்கிறேன். இதுதான் நிர்வாகம். உழைப்பாளிகளிடமும் எங்களுக்கு இதே அன்புதான்!" கூட்டம் கை தட்டியது. உழைப்பாளிகளும் தட்டினார்கள், தட்டாதவன் பில்லை நம்பரைக் காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாணம் இப்போது 'ஓர்'. தங்கம் உள்ள கனிமம். அதை வெளியே ஒருவன் வைத்திருந்தால் சட்டப்படி திருட்டு. வால்டர் லைன் வீடுகளுக்கு ஜீப்பில் போனான். ஆனந்தன் வீட்டுப் பின்சுவரில் வரிசையாக வரட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ரத்தினம்மாவின் ஐந்து விரலும் பதிந்திருந்ததால் கைரேகை நிபுணர் தேவைப்படவில்லை. வரட்டியையும் அவளையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்.

"ஏம்மா, இது கம்பெனி சொத்துன்னு தெரியாது?" என்று காவல் ஆபீசில் கேட்டான் வால்டர்.

"தெரியாதே நைனா. கீழ விழசொல்லோ யாரும் வந்து எங்களுதுன்னு சொல்லலியே."

"சிரிக்காதே மேன்!" என்று வால்டர் பின்னால் நின்ற காவலனை அதட்டினான். ரத்தினம்மாவை எச்சரித்து அனுப்பினார்கள். வரட்டியைத் தரவில்லை. அன்று லைனில் அவளிடம் வரட்டி வாங்குகிற பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. தங்கத்தில் சமைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாணத்தை மில்லில் கொட்டி அரைத்தார்கள். மில் ஆட்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மாதக் கடைசியில் தங்கம் ஒரு குன்றிமணிகூட வரவில்லை. அதிகாரிகள் கூடி ஆராய்ந்தார்கள். தீவனத்தில் குறை என்றார் ஒருவர். எருதுகளுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை என்றார் இன்னொருவர். இரண்டு ஷிப்டாகப் போடச் செய்யலாம் என்று தீர்மானமாகி, விடியற்காலையிலும் சங்கு ஊதினார்கள். சங்குச் சத்தத்தில் மிரண்ட கங்காணி, போடுவதையே நிறுத்திக்கொண்டது.

"ஸ்ட்ரைக்" என்றார் நரசிங்கராவ், முகம் கறுத்து.

முடிவு சீக்கிரமே வந்தது. மிருகங்களால் லாபமில்லை, அவற்றைச் சந்தையில் ஏலம் விட்டுவிடலாம். கசாப்புக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். காப்பக அதிகாரி, விசிறி, சங்கு, கிடங்கு, காவலர்கள் எல்லாம் காப்பகத்தின் எதிர்கால வளர்ச்சிக்காக அப்படியே இருக்கவேண்டும். பார்த்துக்கொள்ள மிருகம் இல்லாததால் ஆனந்தனுக்கு லைட் டூட்டி கிடையாது. மெடிக்கல் போர்டைக் கூட்டும் செலவு வேண்டாம் என்று டாக்டரே ஒற்றை ஆளாகக் கையெழுத்துப் போட்டார்: நெஞ்சில் தூசி இல்லை, இருந்தாலும் வேலைக்கு லாயக்கில்லை. லைன் வீட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஆனந்தன் எருதுகளைக் கயிற்றில் பிணைத்துக்கொண்டு, நாய்கள் பின்னால் வர, கங்காணியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தான். எதிரே ரத்தினம்மா நின்றிருந்தாள். லைன் வீட்டைப் பற்றிச் சேதி கேட்டதும் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். நரசிங்கராவ் குடையோடு, ஒரு நடவடிக்கை நிறைவேறுவதைப் பார்க்கிற திருப்தியோடு நின்றார். டாக்டரும் குடையில் ஒதுங்கியிருந்தார்.

வால்டர் வழக்கப்படி ஆனந்தனின் வாயைத் திறக்கச் சொன்னான். தலையை உதறச் சொன்னான். கங்காணியின் காதுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு, "போலாம்" என்றான்.

"இன்னா நைனா போலாம்? வவுத்துக்குள்ள பாத்தியா?" என்றாள் ரத்தினம்மா.

"வாட்?"

"என் செவுத்துல இருந்த வரட்டியக் கம்பெனி ஓருன்னு எத்துனு போனியே. இதுங்க வவுத்துல கீறது இன்னா, பாயாசமா? அத்தயும் சேத்து சந்தைக்கு அனுப்புறியே, கசாப்புக்காரன் கைல தங்கத்தக் குடுக்கிறியே, நீ இன்னா காவல்காரன்?"

அவள் எரிச்சலில் கேட்டாள். வால்டர் எரிச்சலை எல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. அவனுக்கு ரூல் மட்டும்தான் காதில் விழும். பிரம்பைக் குறுக்கே நீட்டிவிட்டான். "சார், ஷி ஈஸ் ரைட். ஓர் உள்ளே இருக்கு. வெளியே விட முடியாது."

"சாணத்துல தங்கம் இல்லைன்னு மில்லே சொல்லிடுச்சே" என்றார் நரசிங்கராவ்.

"அப்போ தங்கம் இல்லைன்னு ஆர்டர் போடுங்க சார்."

நரசிங்கராவ் யோசித்தார். இல்லை என்று எழுதினால், அன்று இருந்தது எங்கிருந்து வந்தது என்று மேலிடம் கேட்கும். கேள்வி சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கும் என்று அவருக்கு மங்கலாக ஒரு சந்தேகம் இருந்தது. திருகாணி இல்லாத காதை அவர் வீட்டில் பார்த்திருக்காவிட்டாலும், திருகாணிக்காக நடந்த புலம்பலைக் கேட்டிருந்தார்.

"தங்கம் உண்டு. எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார். "அதுவரைக்கும் மிருகங்களைக் கிடங்குக்குள்ள பூட்டி வை. ஓர் மழையில நனையக்கூடாது."

எருதுகளும் நாய்களும் கங்காணியும் கான்கிரீட் கூரைக்கு அடியில் போய் உடம்பை உதறிக்கொண்டன. பல வருஷத்தில் அவை மழைக்கு நனையாமல் நின்ற முதல் நாள் அது. ஆனந்தன் அதைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இரண்டாக மடங்கி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போகலாம்ப்பா" என்றார் நரசிங்கராவ், கனிவோடு.

"அவரு மட்டும் எப்படிப் போவாரு?" ரத்தினம்மாவின் குரல் இப்போது உடைந்திருந்தது. "இருவது வருசம் உங்க கல்லுத்தூள முழுங்கினு கீறாரு. அந்த நெஞ்சுக்குள்ள கீறது யாரு ஊட்டு சொத்து? கழுதை வவுத்துல கீறது கம்பெனிதுன்னா, எம் புருசன் நெஞ்சுல கீறதும் கம்பெனிதுதான். வச்சுக்கினு சோறு போடுங்க!"

வால்டரின் பிரம்பு மறுபடி குறுக்கே வந்தது. டாக்டரைப் பார்த்தான். "டாக்டர், இவன் உள்ளே ஓர் இருக்கா, இல்லையா?"

டாக்டருக்குக் குடைக்குள்ளேயே வியர்த்தது. தூள் இல்லை என்றால் அந்த இருமல் எதனால் என்று சொல்லவேண்டும். இருக்கிறது என்றால் நஷ்ட ஈடு. "தூசி மாதிரி ஏதோ... அது என்ன ஜாதி தூசின்னு மருத்துவ சாஸ்திரத்தால சொல்ல முடியாது" என்றார்.

"அஸ்ஸே ஆபீஸ் சொல்லும்" என்றான் வால்டர்.

நரசிங்கராவுக்கும் அது நியாயமாகப் பட்டது. "எச்சிலை அனுப்பு. தங்கம் இருந்தா நம்ம சொத்து, வச்சுக்கலாம். வெறும் கல்லுத்தூள்னா குப்பை. குப்பையை வெளியே எடுத்துட்டுப் போக யாருக்கும் அனுமதி உண்டு."

ஆனந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார்கள். ரத்தினம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, மழைக்கு முதுகைக் காட்டி, அவன் இருமித் துப்புகிறவரை தாங்கி நின்றாள். அப்புறம் மூடியை இறுக்கி மூடி, வால்டர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் போன் வந்தது. இரண்டு மைல் ஆழத்துக் கல்லைவிட, நொண்டிக் கழுதையைவிட, ஆனந்தனின் எச்சிலில் தங்கம் கூடுதல்.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார் டாக்டர்.

ஆனந்தனை வேலையை விட்டு நீக்கிய உத்தரவு ரத்தானது. அவன் நனையக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் பாலும் முட்டையும் வந்தன. வருஷக்கணக்காக மூச்சு வாங்கியவனுக்கு முதன்முறையாக மருந்தும் வந்தது. லைன் வீட்டை யாரும் கேட்கவில்லை. ஆனந்தன் தானே அதை நம்ப ஆரம்பித்து, இருமல் வரும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டான், சிந்திவிடக் கூடாதென்று. ரத்தினம்மா அவனிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் உளறிவிடுவான்.

இதற்கும் ஒரு விழா நடந்தது. கிடங்கு வாசலில் மேடை போட்டு, ஆனந்தனுக்கும் கங்காணிக்கும் பக்கத்தில் பக்கத்தில் மாலை போட்டார்கள். 'மனித வளம்' என்று நரசிங்கராவ் பேசத் தொடங்கினார். முடிக்கிற மாதிரி தெரியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த ரத்தினம்மாவின் பக்கத்தில் வந்து பார்வதம்மா நின்றார். அவள் முகத்தைப் பார்த்தவர், பிறகு காதைப் பார்த்தார். ஒரு காதில் அவள் அம்மா போட்ட பழைய கம்மல். இன்னொன்றில் ஓட்டை தூர்ந்துவிடாமல் சொருகிய ஈர்க்குச்சி.

பார்வதம்மாவின் கை தானாகத் தன் வலது காதுக்குப் போனது. அங்கே திருகாணிக்குப் பதிலாக மெழுகு உருட்டி வைத்திருந்தது.

"உன்னோடதும் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்கம்மா. கழுதைக்குப் பழம் குடுக்கசொல்லோ உழுந்துடுச்சு."

"எந்தக் கழுதைக்கு?"

ரத்தினம்மா மேடையைப் பார்த்தாள். மேடையில் நரசிங்கராவ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தங்கத்தைத் தங்கள் நெஞ்சிலேயே சுமக்கும் தொழிலாளிகளைப் பற்றிக் கை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். பார்வதம்மாவும் அங்கேயே பார்த்தார். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் திருப்பி டெஸ்ட் பண்ணணும்னு அவர் வீட்ல சொல்லிட்டிருந்தார்" என்றார். சொல்லிக்கொண்டே இடது காதுத் திருகாணியைத் திருகிக் கழற்றி, ரத்தினம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"ஐயோ, வேணாம்மா. சார் பாத்தா கேப்பாரு."

"அவரா?" என்றார் பார்வதம்மா. "இருபத்திரண்டு வருஷமா என் காதைப் பார்த்ததில்ல."